செவி வோல்ட் 2017: வண்டிக்கு நல்ல மார்க், அதன் மேல் அரசியல் செய்தவர்களுக்கு இல்லை

தினமும் ஐம்பது மைலுக்குள் வேலைக்குப் போய் வருகிறவர், வீட்டுக் கராஜில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது, புது வண்டிக்கு நாற்பதாயிரம் டாலர் போட மனசு வரவில்லை என்றால், ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 2017 செவ்ரோலே வோல்ட்டை செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம் என்பது என் கருத்து. நான் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன், இதைத்தான் ஓட்டுகிறேன், பனியிலும் வெயிலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் வண்டியைப் பற்றி மட்டும் எழுதி முடிக்க முடியவில்லை. காரணம், இதை வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் ட்ராயில் இருக்கும் தம்பி ஒருவர் சொன்ன பதில். "அண்ணா, அது கவர்மென்ட் மோட்டார்ஸ் வண்டி. ஒபாமா நம்ம வரிப்பணத்தைக் கொட்டிச் செஞ்சது. சந்தையில சொந்தமா நின்னு ஜெயிச்ச வண்டியா பாத்து வாங்குங்க." 2008-09 நெருக்கடியில் அரசுப் பணத்தில் பிழைத்ததால் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒட்டிக்கொண்ட கேலிப் பெயர்தான் 'கவர்மென்ட் மோட்டார்ஸ்'. அரசாங்கத்தின் கை படாமல் சொந்தமாக நின்று ஜெயித்த வண்டி எது என்று நானும் தேடிப் பார்த்தேன். இந்த நாட்டுச் சாலையில் அப்படி ஒன்றைக் காட்டுவது ரொம்பக் கஷ்டம்.

முதலில் வண்டி. வோல்ட் முழு எலெக்ட்ரிக் கிடையாது. 18.4 யூனிட் பேட்டரி, கூடவே 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். முழு சார்ஜில் 53 மைல் கரண்டிலேயே ஓடும் என்பது அரசுக் கணக்கு. சார்ஜ் தீர்ந்ததும் இன்ஜின் தானாகக் கிளம்பிவிடும், அப்புறம் கேலனுக்கு 42 மைல். டேங்கையும் சேர்த்தால் மொத்தம் 420 மைல், அதனால் சிகாகோ போகும்போது வழியில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போக வேண்டியதில்லை. முதல் தலைமுறை வோல்ட்டுக்கு பிரீமியம் பெட்ரோல் ஊற்ற வேண்டும், 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறைக்குச் சாதாரண பெட்ரோலே போதும். ஆகவே விலை குறைவு என்பதற்காகப் பழையதைப் பிடிக்காதீர்கள்.

கரண்டில் ஓடும்போது சத்தமே இல்லை, கால் வைத்தவுடன் இழுக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், இடது கை விரல்கள் படும் இடத்தில் ஒரு சின்ன பட்டை இருக்கிறது. அதை இழுத்துப் பிடித்தால் வண்டியின் வேகம் குறையும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போகும். கியரை 'எல்'-இல் போட்டுவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே நன்றாக வேகம் குறைகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற சாலையில் பிரேக் பெடலைத் தொடவே தேவைப்படாமல் வீடு வந்து சேர்ந்துவிடலாம். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்தது இதுதான், இப்போது வேறு வண்டியை ஓட்டினால் அந்த விரல் சும்மா தேடுகிறது.

குறையும் இருக்கிறது. பேட்டரி வண்டியின் நடுவில் நீளமாகப் படுத்திருப்பதால், ஐந்து பேர் வண்டி என்று எழுதியிருந்தாலும் பின் சீட்டில் நடுவில் உட்காருபவர் காலை இரண்டு பக்கமும் அகட்டித்தான் வைக்க வேண்டும். உயரமானவர்களுக்குத் தலை கூரையில் இடிக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள், சீட் அவ்வளவு தாழ்வு. முன்பக்கம் கீழே இருக்கும் ரப்பர் பட்டை கொஞ்சம் ஏற்றமான டிரைவ்வேயிலும் உரசும். ஜனவரியில் அந்த 53 மைல் முப்பதுகளுக்கு இறங்கிவிடும், கடுங்குளிரில் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே சூட்டுக்காக இன்ஜின் ஓடும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் முழுசாக ஏற 13 மணி நேரம், அதுவும் திரையில் 12 ஆம்ப் என்று மாற்றிவிட்டால்தான். மாற்றாவிட்டால் 8 ஆம்ப்பில் மெதுவாகத்தான் ஏறும். 240 வோல்ட் போட்டுக்கொண்டால் நாலரை மணி நேரம் போதும்.

சரி, தம்பி சொன்னதற்கு வருகிறேன்.

வோல்ட் செய்யப்பட்டது டெட்ராய்ட்-ஹாம்ட்ராம்க் ஆலையில், இப்போது அதற்கு ஃபேக்டரி ஜீரோ என்று பெயர். அந்த நிலம் ஒரு காலத்தில் போல்டவுன் என்ற குடியிருப்பு. 1981-இல் டெட்ராய்ட் நகர நிர்வாகம் வீடுகள், கடைகள், தேவாலயங்கள் எல்லாவற்றையும் கட்டாயமாகக் கையகப்படுத்தி, இடித்து, நிலத்தை ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுத்தது. 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அன்றைக்குச் சரி என்றது, 2004-இல் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லி மாற்றிக்கொண்டது. அதற்குள் ஆலை வந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகிவிட்டது. ஆலை வளாகத்துக்குள்ளேயே பெத் ஓலம் என்ற பழைய யூத மயானம் ஒன்று இன்றும் இருக்கிறது, வருஷத்தில் இரண்டே முறை, பாஸ்ஓவருக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன்னால், குடும்பத்தார் வந்து பார்க்கத் திறந்து விடுகிறார்கள். தனிச்சொத்து உரிமை பற்றி இவ்வளவு பேசுகிற நாட்டில், ஒரு கார் கம்பெனிக்காக ஒரு ஊரையே காலி செய்தபோது எந்தக் கொள்கையும் குறுக்கே வரவில்லை. அரசாங்கப் பணம் கார் தொழிலுக்குள் 2008-இல்தான் நுழைந்தது என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1980-இல் கிறைஸ்லருக்கு 150 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது, கையெழுத்துப் போட்டவர் கார்ட்டர். அடுத்த வருஷம் வந்தவர் ரேகன், தடையில்லாச் சந்தையின் அடையாளமாகவே இன்றும் அவரைச் சொல்வார்கள். அவர் ஆட்சியில்தான் ஜப்பான் அமெரிக்காவுக்கு வருஷத்துக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்பாது என்று 'தாமாக முன்வந்து' ஒப்புக்கொண்ட ஏற்பாடு வந்தது. இன்னும் பழையது ஒன்று இருக்கிறது. 1960-களில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டன, பதிலுக்கு அமெரிக்கா இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கும் பிக்கப்களுக்கும் 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, வரி மட்டும் 1964 முதல் நிற்கிறது. டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு லாபம் கொட்டுவதே பிக்கப்பில்தான். அந்த லாபத்துக்கு வேலியாக இருப்பது இந்த வரி, இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டும் அதை எடுக்கவில்லை. தம்பி ஓட்டுவது பெரிய பிக்கப் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அவருக்கும் நேரில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது 2008. செப்டம்பரில் வங்கிகள் சரிந்தன, அக்டோபர் 3-ஆம் தேதி 70,000 கோடி டாலர் மீட்பு நிதிச் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டார். வோல்ட் மாதிரி வண்டிகளுக்கு 7,500 டாலர் வரை வரிக்கழிவு கொடுத்த ஏற்பாடு முதலில் வந்ததே அந்தச் சட்டத்தோடு இணைத்துத்தான். ஒபாமா வண்டி என்று பெயர் வாங்கிய காருக்கு முதல் சலுகையைக் கொடுத்தவர் புஷ். காரை முதலில் காட்சிக்கு வைத்ததும் 2007 ஜனவரியில், புஷ் ஆட்சியில்.

நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் தலைவர்கள் மூவரும் தனித்தனி ஜெட் விமானத்தில் வாஷிங்டன் போய்க் கடன் கேட்டார்கள், நாடே திட்டியது, திட்டியதில் தப்பே இல்லை. டிசம்பர் 10-இல் பிரதிநிதிகள் சபை 1,400 கோடி டாலர் கடனுக்கு 237-170 என்று ஒப்புதல் கொடுத்தது. மறுநாள் செனட்டில் 60 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 52 தான் கிடைத்தது, மசோதா விழுந்தது. எதிர்ப்பில் முன்னால் நின்றவர்கள் குடியரசுக் கட்சி செனட்டர்கள்: அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி, டென்னசியின் பாப் கார்க்கர், கென்டக்கியின் மிட்ச் மெக்கானல், தென் கரோலினாவின் ஜிம் டெமின்ட். இதில் ஷெல்பியும் டெமின்ட்டும் வங்கிகளுக்கான நிதியையும் எதிர்த்தவர்கள், அந்த அளவுக்கு அவர்கள் பேச்சும் வாக்கும் ஒத்துப்போகின்றன, அதை மறைக்கக் கூடாது. கார்க்கரும் மெக்கானலும் இரண்டு மாதம் முன்புதான் வங்கிகளுக்கு 70,000 கோடிக்குச் சரி சொன்னவர்கள். வங்கிக்குக் கொடுக்கும்போது யாரும் சாதாரண வங்கி ஊழியர் சம்பளத்தைக் குறை என்று நிபந்தனை போடவில்லை, ஆலைத் தொழிலாளிக்குக் கொடுக்கும்போது மட்டும் தெற்கில் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் தரும் சம்பளத்துக்கு 2009-க்குள்ளேயே இறங்கி வா என்றார் கார்க்கர். தொழிற்சங்கம் அந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சு முறிந்தது.

அந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் தெற்குக்கு வந்த கதையைப் பாருங்கள். 1993-இல் மெர்சிடிஸ் ஆலைக்கு அலபாமா கொடுத்தது சுமார் 25 கோடி டாலர் சலுகை. கென்டக்கி 1985-இலேயே டொயோட்டாவுக்கு 10 கோடிக்கும் மேல் கொடுத்தது. டென்னசியில் சட்டனூகாவுக்கு ஃபோக்ஸ்வாகன் வருவதாக அறிவித்தது 2008 ஜூலையில், கார்க்கர் செனட்டில் டெட்ராய்ட்டுக்குப் பாடம் எடுப்பதற்கு ஐந்து மாதம் முன்பு. சலுகைத் தொகை சுமார் 57.7 கோடி டாலர், கார்க்கர் அதே சட்டனூகாவின் முன்னாள் மேயர். இந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல, ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஃபோர்டு மறைமலை நகருக்கும் வந்தபோது தமிழ்நாடு அரசு சலுகைகள் கொடுத்துத்தான் அழைத்தது, அதே ஹூண்டாய் அலபாமாவில் மான்ட்கோமரிக்குப் போனபோது அங்கேயும் சலுகை வாங்கியது. வேலை வேண்டும் என்று ஒரு மாநிலம் பணம் கொடுப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தன் ஊருக்குக் கொடுத்தால் அது முதலீடு, அடுத்த ஊருக்குக் கொடுத்தால் சந்தையைக் கெடுப்பது என்று பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 2014-இல் அதே சட்டனூகா ஆலையில் தொழிற்சங்கத் தேர்தல் நடந்தபோது ஃபோக்ஸ்வாகன் எதிர்க்காமல் நடுநிலையாக இருந்தது. மாநில அரசியல்வாதிகள்தான் சங்கம் வந்தால் அடுத்த சலுகை கிடைப்பது கஷ்டம் என்று மிரட்டினார்கள், சங்கம் வேண்டாம் என்று வாக்களித்தால் புது மாடல் இங்கேதான் வரும் என்று தனக்கு உறுதி கிடைத்திருப்பதாகக் கார்க்கர் சொன்னார், கம்பெனி அதை மறுத்தது. சங்கம் 712-626 என்று தோற்றது. ஒரு தனியார் கம்பெனியும் அதன் தொழிலாளிகளும் தங்களுக்குள் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பதுதானே அவர்கள் கொள்கை?

செனட் கைவிட்ட பிறகு, டிசம்பர் 19-இல் புஷ் தானே வங்கி நிதியிலிருந்து 1,740 கோடி டாலரை எடுத்து ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிறைஸ்லருக்கும் ஒதுக்கினார். சந்தை முறையைக் காப்பாற்றுவதற்காகச் சந்தைக் கொள்கையைக் கைவிட்டேன் என்று அவரே அந்த வாரம் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் உண்டு, ஆனால் செய்ததைச் செய்தேன் என்று வெளிப்படையாகச் சொன்ன சிலரில் அவரும் ஒருவர்.

மற்றவர்கள் அப்படி இல்லை. பால் ரையன் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும், சந்தையை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்றே பெயர் வாங்கியவர். அவர் தொகுதியில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை இருந்தது, டிசம்பர் 10-இல் கார் கம்பெனிகளுக்கு ஆதரவாக வாக்களித்த 32 குடியரசுக் கட்சிக்காரர்களில் அவர் ஒருவர். அந்த ஆலை அதே மாதம் 23-ஆம் தேதி எஸ்யூவி உற்பத்தியை நிறுத்தியது. 2012-இல் அவர் துணை அதிபர் வேட்பாளராக நின்றது மிட் ரோம்னியோடு. ரோம்னி 2008 நவம்பரில் டெட்ராய்ட் திவாலாகட்டும் என்ற தலைப்போடு பத்திரிகையில் எழுதியவர், அவர் அப்பா ஜார்ஜ் ரோம்னி இதே மிச்சிகனின் ஆளுநர், அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்தியவர். 2012 மே மாதம் கார் தொழில் மீண்டதில் தனக்கும் நிறையப் பங்கு இருக்கிறது என்றார் ரோம்னி. திவால் நீதிமன்றம் வழியாகத்தான் மீண்டது என்பது உண்மைதான். ஆனால் 2009-இல் திவாலான கம்பெனியை நடத்திக் கரையேற்றும் அளவுக்குக் கடன் தரத் தனியார் யாரும் தயாராக இல்லை, பணம் அரசாங்கத்திடம்தான் இருந்தது, அதைச் சேர்த்துச் சொன்னால்தான் அவர் சொன்னது முழு உண்மையாகும்.

வோல்ட்டைப் படுத்திய பாடு தனி. 2011-இல் அரசு மோதல் சோதனை செய்த ஒரு வோல்ட், மூன்று வாரம் கழித்து நிறுத்தி வைத்த இடத்தில் தீப்பிடித்தது. கவலைப்பட வேண்டிய விஷயம், கம்பெனியும் பேட்டரியைச் சுற்றி வலுப்படுத்தியது, வடிவமைப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை என்று 2012 ஜனவரியில் விசாரணையை முடித்தார்கள். முடித்த பிறகும் அதே மாதம் 25-ஆம் தேதி காங்கிரஸில் அதற்கென்று ஒரு விசாரணைக் கூட்டம். பெட்ரோல் வண்டிகள் தினமும் எங்காவது எரிகின்றன, சோதனைக்குப் பிறகு மூன்று வாரம் நின்ற வண்டிக்குக் கம்பெனியின் தலைமை அதிகாரி வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. வண்டியைக் கொண்டுவருவதில் முன்நின்ற பாப் லட்ஸ் கடைந்தெடுத்த வலதுசாரி, அவரே தன் பக்கத்துப் பேச்சாளர்கள் வோல்ட் பற்றிப் பொய் சொல்கிறார்கள் என்று எழுத வேண்டியதாயிற்று.

ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு இதில் நல்ல பெயர் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. சுற்றுச்சூழல் கட்சி என்று சொல்லிக்கொண்டே, மைலேஜ் விதிகளைக் கடுமையாக்க விடாமல் பல வருஷம் டெட்ராய்ட்டுக்குக் காவல் நின்றவர் அவர்களின் மிச்சிகன் பிரதிநிதி ஜான் டிங்கல். அந்தக் காலத்தில் நல்ல மைலேஜ் வண்டி செய்யக் கட்டாயப்படுத்தியிருந்தால் பெட்ரோல் விலை ஏறிய 2008-இல் இவ்வளவு அடி விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஒபாமா அரசு நாங்கள் கம்பெனியை நடத்த மாட்டோம் என்றது, ஆனால் 2009 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வேகனரைப் போகச் சொன்னது அந்த அரசுதான். கிறைஸ்லர் திவாலில் ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்கு டாலருக்கு 29 சென்ட், அதில் இண்டியானாவின் ஓய்வூதிய நிதிகளும் அடக்கம். தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொள்பவர்களின் மேற்பார்வையில் புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு ஏறக்குறைய பாதிச் சம்பளம் என்ற இரண்டு அடுக்கு முறை நிலைத்தது. எனக்கு மனசு ஆறாதது ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம். ஓடும்போதே இன்ஜின் அணைந்து, ஏர்பேக் விரியாமல் போன அந்தக் குறைக்காக 2014-இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள், நஷ்டஈட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2009 திவால் ஏற்பாட்டில் பழைய கம்பெனியின் வழக்குகள் புதுக் கம்பெனியைத் தொடாது என்று ஒரு கவசம் போடப்பட்டிருந்தது, அதையே காட்டி வழக்குகளைத் தள்ளப் பார்த்தார்கள், 2016-இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வழக்குகளுக்கு அது செல்லாது என்றது. மக்கள் பணத்தில் பிழைத்த கம்பெனி அந்த மக்களுக்கே பதில் சொல்லாமல் இருக்க வழி செய்து கொடுத்தது அரசாங்கம்.

பணக் கணக்கு இதுதான்: ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனது 4,950 கோடி டாலர், கடைசிப் பங்கை 2013 டிசம்பரில் விற்றபோது 1,000 கோடிக்கும் மேல் நஷ்டம். நான் அந்த மீட்பை ஆதரிப்பவன். இந்தப் பக்கம் பாகம் செய்யும் சின்னக் கம்பெனிகளில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், 2009-இல் இரண்டு பெரிய கம்பெனிகளும் ஒரேயடியாக மூடியிருந்தால் ஃபோர்டுக்கே பாகம் வந்திருக்காது, அதனால்தான் நிதி வாங்காத ஃபோர்டின் தலைவரும் மற்றவர்களுக்காகப் போய்ப் பேசினார். ஆதரித்தால் நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எதிர்த்தால் தன் மாநிலத்து மெர்சிடிஸ் சலுகையையும் சேர்த்து எதிர்க்க வேண்டும்.

வாங்குபவர்களுக்கு இந்த அரசியல் நேராகப் பையில் தெரியும் இடமும் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வோல்ட்டுக்கு 4,000 டாலர் வரை இருந்த மத்திய வரிக்கழிவு 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. சந்தையே தீர்மானிக்கட்டும் என்று அதை எடுத்த அதே சட்டம், அமெரிக்காவில் பூட்டிய புதுக் கார்களின் கடன் வட்டிக்கு வருஷத்துக்கு 10,000 டாலர் வரை வரிவிலக்கு கொடுக்கிறது. பழைய வண்டிக்கு அது கிடையாது. ஆகவே டீலர் பழைய விளம்பரத்தைக் காட்டி வரிக்கழிவு உண்டு என்றால் நம்பி விலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். மிச்சிகனில் ப்ளக்-இன் வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கூடுதல், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாவது இந்த மாடலில் எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை, மாற்றியிருக்கிறார்களா என்று சர்வீஸ் காகிதத்தில் பாருங்கள், மாற்றவில்லை என்றால் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள். சார்ஜ் கேபிள் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு காலையில் போய், திரையில் எத்தனை மைல் காட்டுகிறது என்று பார்த்து, அதில் ஓர் இருபது மைலாவது கரண்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.